எந்தச் சும்மா

மார்ச் 3

என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அப்பாவுக்கு இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். எழுந்து உட்காரவும் ஆள் வேண்டும், படுக்கவும் ஆள் வேண்டும். அதனால் நான் எதற்கு வந்தேன் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அப்பா விழுந்தது எனக்கு ஒரு சாக்காகப் போய்விட்டதே என்று நினைத்தால், கடவுள் முன்னால் கண்ணை மூடி நிற்கக் கூசுகிறது.

போன் பண்ண வேண்டாம். இந்த வீட்டில் கூடத்து ஜன்னலோரம்தான் சிக்னல் கிடைக்கும், அண்ணி அங்கேயே உட்கார்ந்துதான் காய் நறுக்குவாள். நீங்களும் போனில் 'ம்' என்பீர்கள், அதற்கப்புறம் மூச்சுச் சத்தம்தான் வரும். எழுதச் சொன்னால் எழுதுவீர்கள். அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போகும்போது தபாலில் போடுகிறேன். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் துணி உலர்த்துகிற மாதிரி நிற்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிரார்த்தனைக் கூட்டம் சீக்கிரம் முடிந்து வந்தேன். நீங்கள் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தீர்கள். திரையில் இருந்ததை நான் பேர் சொல்லி எழுத மாட்டேன். என்னைப் பார்த்தும் நீங்கள் மூடவில்லை, எழுந்திருக்கவில்லை. "என்னங்க இது"ன்னு கேட்டதுக்கு, "சும்மாதான் பார்த்தேன்"னு சொன்னீங்க. கொசு அடித்தேன் என்கிற மாதிரி.

பதினோரு வருஷமாக உங்களுக்கு அந்த ஆசையே கிடையாது என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன். போன வருஷம் டாக்டர் உங்களுக்கு ஆட்டிசம் என்று சொன்னபோது, இதுவும் அதில் சேர்த்திதான் போல என்று நானாகவே எழுதிக்கொண்டேன். அவர் கொடுத்த புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு வரிக்கு வரி படித்தேனே, அதில் அப்படி எங்கேயும் போட்டிருக்கவில்லை, இருந்தும் எழுதிக்கொண்டேன். ஏன் பிள்ளை இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் குறை என்மேல்தான் என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது பார்த்தால் ஆசை இருந்திருக்கிறது. நீங்கள் என்னைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிடுவீர்களே, அந்தக் கணக்குப்படி வரவு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, என் பக்கத்தில் பதியவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு கேள்வி. என்னிடம் என்ன குறை? இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்தால்தான், நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதா வேண்டாமா என்று யோசிக்கவே முடியும்.

பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்லுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் அவர் ஒரு லிட்டரே ஊற்றிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு
நான்தான்


மார்ச் 9

கணக்குப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. பால் அரை லிட்டர் ஆகிவிட்டது.

உன்னிடம் குறை எதுவும் இல்லை. பதில் இவ்வளவுதான். ஆனால் இது உனக்குப் போதாது என்று தெரிகிறது. அதனால் நீளமாக எழுதுகிறேன்.

என் லிப்ட் பழுதுபார்க்கும் வேலையில், யாராவது லிப்டில் மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் பொத்தானை அமுக்குவார்கள். நாங்கள் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது வராது என்று மேஸ்திரிக்குத் தெரியும். கம்பெனியில் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். 'காற்று வந்துகொண்டே இருக்கும். கதவைத் தள்ளாதீர்கள். ஆள் வந்துகொண்டிருக்கிறார்.' அதைப் பார்த்து வாசித்துவிடுவேன். அட்டை இருந்தால் என்னால் எதையும் செய்ய முடியும்.

கல்யாணத்துக்கு அட்டை இல்லை. மற்ற ஆண்களுக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது. கிண்டலாகப் பேசிப் பேசியே தெரிந்துகொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் கிண்டல் புரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூடத் தங்கியிருந்தவன் அந்தப் படங்களைக் காட்டினான். ஓகோ, அட்டை இதுதான் என்று எடுத்துக்கொண்டேன். பாடம் படிக்கிற மாதிரி பார்த்தேன். யார் முதலில் எங்கே கை வைக்கிறார்கள், பிறகு என்ன செய்கிறார்கள் என்று. கல்யாணம் ஆனதும் அதில் இருந்தபடியே செய்தேன்.

நீ "சும்மா இருங்க" என்று சொன்னாய்.

நான் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி முயற்சி செய்தேன். மறுபடியும் "சும்மா இருங்க" என்றாய். சும்மா இருப்பது என்றால் எதுவும் செய்யாமல் இருப்பது. அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கிறேன். நீ சொன்னதைச் செய்கிறேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகச் செய்கிறேன் என்றும் நினைத்தேன்.

கம்ப்யூட்டரை மூடாததற்குக் காரணம், அது உனக்குத் தெரியக் கூடாத விஷயம் என்று எனக்குத் தெரியாது. நீ கேட்டாய், நான் சொன்னேன். சும்மாதான் பார்த்தேன் என்றால், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் பார்த்தேன் என்று அர்த்தம். உன் முகம் வேறு மாதிரி ஆனது. எந்த மாதிரி என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீ சொன்னது எந்தச் சும்மா என்று எழுது.


மார்ச் 14

என்னங்க,

உங்கள் கடிதத்தைத் துணி துவைக்கும் இடத்தில் நின்று படித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி எட்டிப் பார்த்து, தனியாகச் சிரிக்கிற அளவுக்குத் துணியில் என்ன இருக்கிறது என்றாள். அப்புறம் அழுகை வந்தது. அதற்கு அவள் எட்டிப் பார்க்கவில்லை.

முதல் தடவை நான் சொன்ன சும்மா வெட்கத்தில் சொன்னது. புதுப்பெண் அப்படிச் சொன்னால் போகாதீங்க என்று அர்த்தம். ஊர் உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த சும்மா அது. இரண்டாவது தடவை சொன்னது அந்தச் சும்மா இல்லை. பயந்துபோய்ச் சொன்னது.

பயந்தது உங்கள் கை பட்டதற்காக இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, நீங்கள் ஒன்று முடிந்ததும் அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டிருந்தீர்கள். நான் அங்கே இருக்கிறேனா இல்லையா என்பது உங்களுக்குத் தேவைப்படவில்லை. என் இடத்தில் ஒரு தலையணை கிடந்திருந்தாலும் அதே வரிசையில் அதே மாதிரி நடந்திருக்கும். அப்போது ஏன் அப்படி இருந்தது என்று புரியவில்லை. இப்போதுதான் புரிகிறது.

முதல் சும்மாவுக்கு நீங்கள் கிட்டே வந்திருக்க வேண்டும், இரண்டாவது சும்மாவுக்கு நிறுத்தியது சரிதான். இரண்டுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு, புரியவில்லையே என்று இத்தனை வருஷம் உங்கள்மேல் மனத்தாங்கல். நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் ஒன்று. வாய் திறந்து வேணும் என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கும்தான் அட்டை இல்லை. நான் அதற்காகப் போய்ப் படம் பார்க்கவில்லையே.

இப்போது வேறொரு விஷயம் தலைக்குமேல் வந்துவிட்டது. எப்போ ஊருக்குப் போறே, எப்போ போறே என்று அண்ணி துளைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "அவர் மனசு இங்க இல்லை அண்ணி, வேற எங்கேயோ இருக்கு"ன்னு சொல்லிவிட்டேன். அரை வாக்கியம்தான். மீதியை அவளே முடித்துக்கொண்டாள். உங்களுக்கு வேறொரு பெண் இருக்கிறாள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். 'வாயில்லாப் பூச்சின்னு நெனச்சோமே'ன்னு வீடே உங்களைப் பேசுகிறது. அண்ணன் அடுத்த சனிக்கிழமை நேரே அங்கே வருகிறான், உங்களை நிற்க வைத்துக் கேட்கப் போகிறானாம்.

இல்லை, அப்படி யாரும் இல்லை என்று நான் சொன்னால், பின்னே என்ன என்று கேட்பார்கள். பின்னே என்ன என்பதை நான் எந்த வாயால் சொல்வேன்? பெண் என்றாலாவது நாலு பேர் வாயில் வருகிற வார்த்தை. இதைச் சொன்னால் அண்ணி என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். சொல்லாவிட்டால் செய்யாத தப்புக்கு உங்களைத் திட்டுவார்கள். நான் வாயைத் திறந்தாலும் பொல்லாப்பு, மூடினாலும் பொல்லாப்பு.

பிரார்த்தனையில்கூட இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருகிறேன்.


மார்ச் 18

கணக்குப்பிள்ளைக்கு,

இரண்டு சும்மாவும் புரிந்தன. தலையணை என்று எழுதியிருந்த வரியை நான் பலமுறை படித்தேன். வேலையில் லிப்ட் கயிறு ஓடுகிற ஒரு கப்பியைத் தப்பாகப் பொருத்திவிட்டேன். மேஸ்திரி கண்டுபிடித்துக் கழற்றச் சொன்னார். இதுவரை அப்படி நடந்ததில்லை.

டாக்டர் சேரச் சொன்ன குழுவுக்குப் போனேன். நூலகத்து மாடியில் கூடுகிறோமே, அது. என்னைப் போன்றவர்கள் மட்டும்தான் வருவார்கள். யாருடைய பிரச்சினை என்று சொல்லாமல், இந்தப் படங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி சொல்வார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

ரொட்டிக் கடையில் வேலை செய்கிற ஒருவர், தனக்கு யார் தொட்டாலும் தோல் எரிகிறது, அதனால் இது ஒன்றுதான் வழி என்றார். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிட்டாராம். அவளுக்குத் தெரியாமல் பார்ப்பதில்லையாம். அதில் என்ன தப்பு என்று கேட்டார். ஒரு பெரியவர், கடவுளுக்குப் பயந்து விட்டுவிட்டேன், ஆனால் விட்ட பிறகும் மனைவியிடம் பேசத் தெரியவில்லை, படத்தை மட்டும் விட்டால் போதாது போலிருக்கிறது என்றார். மொழிபெயர்ப்பு வேலை செய்கிற ஒரு பெண், தன் கணவன் இந்தப் படத்தில் இருப்பது போல இரு என்று சொன்னான், எல்லாப் பெண்களும் அப்படித்தான் போல என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன் என்றாள். "சின்ன வயசிலிருந்தே அடுத்தவங்களைக் காப்பி அடிச்சுத்தான் மனுஷியா இருக்கேன். இதையும் காப்பி அடிச்சேன். கடைசில எனக்கு எது பிடிக்கும்னு எனக்கே தெரியாமப் போச்சு" என்றாள். இப்போது தனியாக இருக்கிறாள்.

ரொட்டிக் கடைக்காரர், படத்தில் இருப்பவர்கள் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள் என்றார். அதற்கு அந்தப் பெண், "எதிர்ல உக்காந்திருக்கிறவங்க முகமே நமக்குப் படிக்கத் தெரியாது. திரையில இருக்கிற முகம் சம்மதிச்சுதா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நாற்காலிகளை அடுக்கிவிட்டு வந்தோம்.

நானும் அந்த முகங்கள் எனக்குப் புரிகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புரியவில்லை. படம் பார்க்கும்போது என்னை யாரும் கேள்வி கேட்பதில்லை, அதுதான் விஷயம். நான் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். வாசனை இல்லை, யாரும் என்னைப் பார்ப்பதில்லை, நான் தப்பாகச் செய்துவிட்டேன் என்று யார் முகமும் மாறுவதில்லை. அங்கே இருக்கும்போது நான் நிம்மதியாக இருக்கிறேன். வெளியே வந்ததும் உன் பக்கத்தில் உட்காருவது முன்பைவிடக் கஷ்டமாகிவிடுகிறது. இந்த இரண்டாவது விஷயத்தை நான் இதுவரை யோசித்ததில்லை.

நீ போன பிறகும் பார்த்தேன். நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் உனக்கு நல்லது என்று தெரிகிறது. அது உண்மை இல்லை, அதனால் எழுதவில்லை.

சனிக்கிழமை மச்சான் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஆனால் மனப்பாடம் செய்யத் தெரியும். நீ எழுதி அனுப்பினால் அப்படியே சொல்கிறேன்.


மார்ச் 21

என்னங்க,

போன பிறகும் பார்த்தேன் என்ற வரி வரும்வரை உங்கள்மேல் இரக்கமாக இருந்தது. மீதியையும் படித்துவிட்டுக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அப்புறம் ஏன் போட்டோம் என்று இருந்தது. உண்மையைச் சொன்னதற்குத் தண்டனையா என்று.

ஒரு பெண்ணாக இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை. அவளை நினைத்துத் திட்டலாம், சபிக்கலாம், அவளைவிட நான் நல்லவள் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். ஒரு பெட்டிக்குள்ளே வந்து போகிற, யாரென்றே தெரியாத ஆயிரம் பேரோடு நான் எப்படிச் சண்டை போடுவது? அந்த மொழிபெயர்ப்புப் பெண் கேட்டதை நினைத்தால், அவர்கள்மேலும் கோபம் வரவில்லை. எந்த வீட்டுப் பிள்ளைகளோ.

நீங்கள் கேட்டபடி எழுத உட்கார்ந்தேன். 'எனக்கு ஒன்றும் தெரியாது மச்சான், அவளையே கேளுங்க' என்று எழுதினேன். அடித்தேன். 'வேலை அதிகம், அவளைக் கவனிக்க முடியவில்லை, இனிமேல் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் அதை வரி தப்பாமல் ஒப்பிப்பீர்கள், அண்ணன் தலையாட்டுவான், எல்லாம் முடிந்துவிடும். அதையும் அடித்தேன். அந்தப் படங்கள் உங்களுக்கு எழுதிக் கொடுத்த மாதிரியே நானும் எழுதிக் கொடுக்கிறேனே என்று கை ஓடவில்லை. பொய் எழுதிவிட்டு, அதே கையால் எப்படிக் கும்பிடுவேன்?

உங்களுக்கு வருவதைச் சொல்லுங்கள். என் மானம் போனால் போகட்டும். எழுதிவிட்டேனே தவிர, சனிக்கிழமை வராமலே போகக் கூடாதா என்றிருக்கிறது.


மார்ச் 25

கணக்குப்பிள்ளைக்கு,

மச்சான் வந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. எல்லா அறையையும் திறந்து பார்த்தார். பிறகு, "யாரு அவ?" என்றார்.

"எவ?" என்றேன்.

"நடிக்காதீங்க மாப்பிள்ளை."

நான் நடிக்கவில்லை, யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு பெண் இல்லை, நான் இந்தப் படங்களைப் பார்த்தேன், அதை அவள் பார்த்தாள், அதனால் போய்விட்டாள் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

அவர் சிரித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுக்கா அவ எங்க வீட்ல வந்து உக்காந்திருக்கா? எந்த ஆம்பளைதான் பார்க்கலை? இது ஒண்ணுமில்லாத விஷயம் மாப்பிள்ளை" என்றார். இப்போது தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

நான், "ஒண்ணுமில்லைன்னு அவ சொல்லலை. அவளுக்கு இது பெரிய விஷயம். அப்போ எனக்கும் பெரிய விஷயம்தான்" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள், சூட்சுமம் அவ்வளவுதான் என்றார். என் தோளைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் உன்னை அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால் உன்னைக் கேவலமாகப் பார்ப்பார்கள் என்று நீ பயந்தாய். அப்படி நடக்கவில்லை. ஆனால் நடந்தது அதைவிட நல்லது என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று சரியாகச் சொல்ல வரவில்லை.

அவர் போன பிறகு கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி, பெரிய அறையின் கதவில் உள்பக்கம் பொருத்தினேன். அந்தக் கதவுக்கு இதுவரை தாழ்ப்பாளே கிடையாது. திருகாணி எல்லாம் இறுக்கமாக இருக்கிறது, வெளியிலிருந்து திறக்க முடியாது, உள்ளே நின்று போட்டு இழுத்துப் பார்த்தேன். அந்த அறை உனக்கு. நான் பின்னறையில் படுத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனிமேல் பார்க்கவே மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கத் தெரியவில்லை. பார்த்தால் அன்றே உன்னிடம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். அது என்னால் முடியும்.

மச்சான் அனுப்புகிறார் என்பதற்காக வர வேண்டாம். நீயாக வர நினைத்தால் வா.


மார்ச் 28

என்னங்க,

நீயாக வர நினைத்தால் வா என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் என்னிடம் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. ஆனால் எனக்கு அந்த வசதி இல்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பையைக்கூட அண்ணனே வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

அங்கிருந்து திரும்பி வந்ததும் அடுப்படியில் வைத்து அண்ணியிடம் சொன்னான். நான் அடுத்த அறையில் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சிரித்தது கேட்டது. "நான் என்னமோ ஏதோன்னு பதறிட்டேனே"ன்னு அண்ணி சொன்னாள். அப்பாவுக்குக் காது மந்தம், என்ன விசேஷம் என்று என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை அப்பா என்றேன். நானும் அதே வார்த்தையைச் சொன்னேன் பாருங்கள்.

இனி அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கப்போகிறார்களாம். புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பெண் இங்கே இருந்தால் நாலு பேர் தப்பாகப் பேசுவார்கள் என்கிறான் அண்ணன். நான் பட்டதற்கு இந்த வீட்டில் ஒரு பேர்கூட இல்லாமல் போய்விட்டது. பெண் விவகாரமாக இருந்தபோது நான் பாவம். இப்போது நான் வேலையற்றவள்.

நேற்றுச் சாயங்காலம் அண்ணன் வெளியே போனதும் அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போது சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே, "உன் வீட்டுக்காரர் கதவைச் சாத்தலை, உனக்குத் தெரிஞ்சுது. இங்க சாத்தித்தான் இருக்கும். தட்டினா, தூங்கலையான்னு குரல் மட்டும் வரும்" என்றாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆகவே வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். போக்கிடம் இல்லை, அதனால் வருகிறேன். உங்களிடம் மறைத்துப் பேசக் கூடாது என்றுதான் இவ்வளவு பச்சையாக எழுதுகிறேன்.

பெரிய அறையில் படுத்துக்கொள்கிறேன். தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. திறந்தால் நானாகத் திறந்ததாக இருக்கட்டும். திறக்காமலே போனாலும் போகலாம். அதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் தட்ட வேண்டாம்.

ஆனால் தாழ்ப்பாள் போட்ட பிறகு வெளியே நீங்கள் என்ன செய்கிறீர்களோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். அப்படிக் கிடந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் ஒன்று கேட்கிறேன். என்னிடம் பேச வேண்டாம், என்ன பேசுவது என்று தேடவும் வேண்டாம். கூடத்தில் உட்கார்ந்து எதையாவது வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் லிப்ட் புத்தகமானாலும் சரி, எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும், கயிறு எவ்வளவு தேய்ந்தால் கழற்ற வேண்டும், எதுவானாலும். நான் தூங்கும்வரை படியுங்கள். தூங்கிவிட்டேனா என்று உங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை, படித்துக்கொண்டே இருங்கள்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். பையை நானே தூக்கிக்கொள்வேன்.